சைக்கிள் கடை அத்தையின் வலது முட்டி

என் அத்தை முப்பது வருடத்துக்கும் மேலாகத் தரையில் குத்தவைத்து உட்கார்ந்தே பிழைத்தவள். அப்பாவின் அக்கா. சைக்கிள் ரிப்பேர் வேலையே தரையோடு நடக்கிற வேலைதான். பஞ்சர் பார்க்கிற தண்ணீர்ச் சட்டி தரையில் இருக்கும், செயின் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் இருக்கும், கழன்று விழுகிற நட்டும் பால்ரஸ் குண்டும் எங்கே ஓடும் என்று சொல்லவே வேண்டாம். காலையில் உட்கார்ந்தால் நாள் முழுக்க எழுந்தும் உட்கார்ந்தும் கிடப்பாள். அதை அவள் வேலை என்று நினைத்தாளே தவிர, முட்டிக்கு வைக்கிற செலவு என்று நினைக்கவில்லை.

கடை தாத்தாவுடையது. மருந்துக் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவில் செருகி வைத்ததுபோல் இருக்கும். உள்ளே இரண்டு சைக்கிளை நிறுத்திவிட்டால் மூன்றாவது சைக்கிள் தெருவில் நிற்க வேண்டியதுதான். கடையை அப்பாதான் எடுத்து நடத்துவார் என்று தாத்தா எதிர்பார்த்தார். அப்பாவுக்குக் கிரீஸ் என்றாலே குமட்டும். பரீட்சை எழுதி, குடிநீர் வாரிய அலுவலகத்தில் நாற்காலி பிடித்துக்கொண்டார். அத்தை கேட்காமலே ஸ்பேனரை எடுத்துக்கொண்டாள். கல்யாணம் ஆன பிறகும் அதைக் கீழே வைக்கவில்லை. மாமா அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவர், அதிகம் பேச மாட்டார். அவளுடைய வேலையில் அவர் திருத்தம் போட்டதே இல்லை.

வளைந்துபோன சக்கரத்தை நேராக்குவதற்குத் தொழிலில் கோட்டம் எடுப்பது என்று பெயர். கம்பிகளை ஒவ்வொன்றாக முறுக்கியும் தளர்த்தியும் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துச் செய்கிற வேலை. அத்தைக்கு அது நன்றாகக் கை வந்ததால் தெருவில் அவளுக்குக் கோட்டம் அக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஐம்பதைத் தாண்டியதும் அவளுடைய வலது கால் முட்டிக்குக் கீழே வெளிப்பக்கமாக வளைய ஆரம்பித்தது. "கோட்டம் அக்காவுக்கே கோட்டம் விழுந்துடுச்சு" என்று தெருவே சிரித்தது. முதல் வருடம் அவளும் சேர்ந்து சிரித்தாள்.

அடுத்த வருடம் சிரிப்பு நின்றது. உட்கார்ந்தால் எழ முடியவில்லை. எதிரே நிற்கிற வாடிக்கையாளரின் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு எழுவாள். ஒருநாள் அப்படி எழும்போது சைக்கிளும் அவளும் சேர்ந்து சரிந்தார்கள். சைக்கிளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளை மருந்துக் கடை அம்மாவும் சலவைக் கடைக்காரரும் கைத்தாங்கலாகத் தூக்கி நிறுத்தினார்கள். அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போகச் சம்மதித்தாள்.

"எலும்பும் எலும்பும் உரசுதும்மா. நடுவுல இருக்க வேண்டிய மெத்தை முழுக்கத் தேஞ்சு போச்சு. முட்டிய மாத்துறதுதான் வழி" என்றார் டாக்டர். நரைத்த மீசை, பொறுமையான மனிதர்.

"மாத்துனா பழையபடி குத்தவச்சு உக்காரலாமா?"

"முடியாது. அத மறந்துடுங்க. மண்டி போடுறதும் கஷ்டமா இருக்கும். நடக்கலாம், படி ஏறலாம், சைக்கிள் ஓட்டலாம்."

"ஓட்டலாம், ரிப்பேர் பண்ணக் கூடாது. நல்ல கதையா இருக்கே."

டாக்டர் சிரித்தார். "உக்காந்து பண்ற வேலைய நின்னு பண்ண முடியுமான்னு யோசிங்க."

"எத்தனை வருஷம் ஓடும்?"

"பதினஞ்சு வருஷம் நம்பிச் சொல்லுவேன். நிறைய பேருக்கு இருபதைத் தாண்டியும் நல்லா இருக்கு. ஆனா உங்களுக்கு வயசு கம்மி, வேலை அதிகம். சீக்கிரம் தேயலாம். வலி இல்லைன்னாலும் வருஷத்துக்கு ஒரு தடவை வந்து எக்ஸ்ரே படம் எடுத்துக்கணும். தேயுறது முதல்ல வலிக்காது."

அத்தை தலையாட்டினாள். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அவளுடைய வீடு மூன்றாம் மாடியில் இருந்ததால், ஆஸ்பத்திரியிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். என் கட்டிலை அவளுக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்துக்கொண்டேன். "தரையில படுத்து எந்திரிக்கிற பாரு, அதுக்கு என்ன விலை தெரியுமா?" என்று பொறாமையாகப் பார்ப்பாள்.

தையல் பிரிப்பதற்கு முன்பே ஒரு சம்பவம் நடந்தது. ஒரு காலையில் மருந்துக் கடை அம்மா போன் செய்தார். "உங்க தம்பி கடையத் திறந்து யாருக்கோ காட்டிட்டு இருக்காரு. அந்த ஆளு டேப் வச்சு அளக்குறாரு."

அத்தை போனை என்னிடம் நீட்டினாள். அவள் முகத்தில் கோபம் தெரியவில்லை. "செருப்ப எடு" என்றாள்.

"அத்தை, டாக்டர் வீட்டுக்குள்ளதான் நடக்கச் சொல்லியிருக்காரு."

"தெருவும் நம்ம தெருதான்."

நான்கு கால் ஊன்றுகோலை முன்னால் வைத்து, ஒரு எட்டு எடுத்து, மறுபடி முன்னால் வைத்து நடந்தாள். இரண்டு தெரு தாண்டுவதற்குள் அவளுடைய மேல் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நடுவில் ஒரு சுவரில் சாய்ந்து கண்ணை மூடி நின்றபோது நான் அழுதுவிட்டேன். "உனக்கு எங்க வலிக்குது?" என்று கேட்டாள். நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு கூட நடந்தேன்.

கடைக்குள்ளே அப்பாவும், செல்போன் உறை விற்கிற ஒருவரும் நின்றிருந்தார்கள். கடை அத்தைக்கும் அப்பாவுக்கும் பொதுச் சொத்து என்பதால் அப்பாவிடமும் ஒரு சாவி இருந்தது. அத்தை வாசலில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கட்டுப் போட்ட வலது காலை வாசலுக்குக் குறுக்கே நீட்டி வைத்தாள்.

"உள்ள இருக்கிறவங்க வெளிய வரணும்னா இந்தக் காலத் தாண்டித்தான் வரணும். தையல் பிரிக்கல. பாத்து வாங்க."

"அக்கா, உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றார் அப்பா. பொய் இல்லை. அவர் நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார். "இனிமே நீ குனிய முடியாது, உக்கார முடியாது. இந்தக் கடைய வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற? நிம்மதியா வீட்டுல இரு."

"என் நிம்மதி எங்க இருக்குன்னு எப்படா தேடிக் கண்டுபிடிச்ச? மாத்துனது முட்டிய. மூளைய யாரும் மாத்தல."

"பிடிவாதம் பிடிக்காத அக்கா."

"பிடிக்காமத்தான் கேக்குறேன். நான் ஆஸ்பத்திரியில படுத்திருக்கறப்ப உன் ஆபீஸ் நாற்காலிய நான் வாடகைக்கு விட்டா நீ சும்மா இருப்பியா?"

செல்போன் உறைக்காரர் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டார். அத்தையின் காலை ஏதோ கண்ணாடிச் சாமானைத் தாண்டுவதுபோல் ஜாக்கிரதையாகத் தாண்டி வெளியே வந்தார். "நல்லா இருங்கம்மா, நான் வேற இடம் பாத்துக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா உள்ளேயே நின்றார். தாண்டி வர அவருக்கு மனம் வரவில்லை. கடைசியில் அத்தையே காலை மெதுவாக ஒதுக்கிக்கொண்டு, "சாவிய ஸ்டூல் மேல வச்சுட்டுப் போ" என்றாள். வைத்துவிட்டுப் போனார். அன்றைக்கு ராத்திரி வீட்டில் சாப்பாட்டு மேஜையில் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அப்பாதான் அவளுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தார்.

அடுத்த சில மாதங்கள் முட்டியோடு சண்டை. பிசியோதெரபி செய்ய ஒரு பெண் வீட்டுக்கு வருவாள். மெலிந்த உடம்பு, இரும்புக் கை. முட்டியை மடக்கி அழுத்தும்போது அத்தை என் கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொள்வாள். கத்த மாட்டாள், திட்டுவாள். பிசியோதெரபி பெண்ணை அல்ல. முட்டியை. "மடங்குடி. யாரு வீட்டுச் சோறு தின்ன? மடங்கு."

நின்ற இடத்தில் சைக்கிள் மிதிப்பது நல்லது என்று அந்தப் பெண் சொன்னதும், கடையிலிருந்து ஒரு பழைய சைக்கிளை வரவழைத்து ஸ்டாண்டில் நிறுத்தினாள். பெடல் பாதி தூரம் வரைக்கும் போகும். மேலே வரும் இடத்தில் முட்டி மடங்க மறுத்து அப்படியே நிற்கும். முன்னும் பின்னும் ஊஞ்சல்போல் ஆட்டிக்கொண்டே இருப்பாள். ஒருநாள் பிசியோதெரபி பெண் உட்கார்ந்து யோசித்து, "பெடல் மாட்டுற அந்தக் கை கொஞ்சம் குட்டையா இருந்தா வட்டம் சின்னதா இருக்கும், முட்டி இவ்வளவு மடங்க வேண்டாம். அப்படிக் கிடைக்குமா?" என்று கேட்டாள்.

"கிடைக்குமாவா" என்றாள் அத்தை. மறுநாளே குழந்தைகள் சைக்கிளின் கிராங்க்கைக் கழற்றி வந்து மாட்டியாயிற்று. அன்று சாயங்காலம் பெடல் மேலே வந்து, ஒரு கணம் நின்று, அப்புறம் அந்தப் பக்கம் இறங்கியது. அத்தை நிறுத்தவே இல்லை. சாப்பிடக் கூப்பிட்ட அம்மாவிடம், "இப்ப இறங்குனா மறுபடி மறந்துடும்" என்று மிதித்துக்கொண்டே இருந்தாள்.

கடையை மாற்றியது அதற்குப் பிறகு. தெருமுனை வெல்டர் மேல் உத்தரத்தில் இரண்டு கப்பிகளை மாட்டிக் கொடுத்தார். கொக்கியை மாட்டிக் கயிற்றை இழுத்தால் சைக்கிள் தரையை விட்டு எழும்பி அவள் நெஞ்சு உயரத்தில் வந்து நிற்கும். தண்ணீர்ச் சட்டி மேஜைக்கு ஏறியது. கீழே விழுகிற சாமானை எடுக்க நீளமான குச்சி ஒன்றில் காந்தம் கட்டிக்கொண்டாள். "நான் இனிமே சைக்கிள்கிட்ட போய் உக்கார மாட்டேன். அது என்கிட்ட எந்திரிச்சு வரட்டும்" என்றாள். அப்பா பார்த்துவிட்டு "சர்க்கஸ்" என்றார். டிக்கெட் வாங்காமல் பார்க்காதே என்றாள் அத்தை.

அந்த முட்டி நன்றாகத்தான் உழைத்தது. வளைந்த கால் நேரானதால் கொஞ்சம் உயரம் கூடியதுபோல் இருந்தாள். மூன்று மாடி ஏறி இறங்கினாள். வீட்டிலிருந்து கடைக்குச் சைக்கிளில்தான் போனாள். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று சொல்ல முடியாது. தழும்புக்கு வெளிப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் மரத்தே போயிற்று. கொசு கடித்தாலும் தெரியாது. நடக்கும்போது சில நேரம் உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். மண்டியிட்டால் கூழாங்கல் மேல் மண்டியிட்டதுபோல் இருக்கும் என்பாள். சோதனை வாசல்களில் அவள் நுழைந்தாலே மணி அடிக்கும். காவலர் ஓடி வருவார். அத்தை பேண்டைக் கொஞ்சம் உயர்த்தித் தழும்பைக் காட்டிவிட்டு, "இதுக்குள்ளதான் ஒளிச்சு வச்சிருக்கேன், எடுத்துக்கோங்க" என்பாள்.

வருடா வருடம் படம் எடுக்கச் சொன்னார்கள் அல்லவா? இரண்டு முறை போனாள். அதோடு சரி. நான் ஞாபகப்படுத்தினால், "நல்லா ஓடுற வண்டிய எதுக்குப் பிரிச்சுப் பாக்கணும்?" என்பாள். இதே அத்தைதான், சத்தம் வரும் வரை எண்ணெய் போடாமல் ஓட்டிவிட்டுக் கொண்டுவருகிற வாடிக்கையாளர்களைத் தெருவே கேட்கத் திட்டுவாள். அதை எடுத்துச் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவாள். தனக்கு ஏதாவது ஆகக்கூடும் என்று ஒப்புக்கொள்வதே தோல்வி என்று அவளுக்கு ஒரு எண்ணம்.

இதற்கிடையில் அப்பாவுக்கும் முட்டி போயிற்று. நாற்காலியிலேயே வேலை பார்த்தவருக்கு எப்படி என்று அவருக்கே ஆச்சரியம். அக்காவைப் பார்த்துத் தைரியம் வந்து அறுவை சிகிச்சைக்குப் போனார். நல்ல ஆஸ்பத்திரி, கைதேர்ந்த டாக்டர். காயம் ஆறியது, படத்தில் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. வலி மட்டும் போகவில்லை. ஒரு வருடம் ஆகியும் முட்டிக்குள்ளே யாரோ பிழிவதுபோல் இருக்கிறது என்றார். "எல்லாம் சரியா இருந்தும் பத்துல ஒருத்தருக்கு, சில கணக்குல அதுக்கு மேலயும், இப்படி வலி தங்கிடுது. ஏன்னு எல்லாருக்கும் காரணம் சொல்ல முடியல" என்றார்கள் ஆஸ்பத்திரியில். ஜன்னலோர நாற்காலிக்குப் போன அப்பா அங்கிருந்து எழுவதே குறைந்துபோனது.

அத்தை முதலில் அவரைத்தான் குறை சொன்னாள். "நீ பயிற்சி ஒழுங்கா செஞ்சிருக்க மாட்ட. சோம்பேறி." அம்மாவுக்கு வந்ததே கோபம். அம்மா அத்தையிடம் குரல் உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். "அவரு ஒருநாள் விடாம செஞ்சாரு அண்ணி. பல்லக் கடிச்சுக்கிட்டுச் செஞ்சாரு. நான்தான் பக்கத்துல இருந்தேன், நீங்க இல்ல."  அத்தை எழுந்து போய் அப்பாவின் காலடியில் ஒரு தலையணையைச் சரிசெய்து வைத்தாள். அந்தப் பேச்சை அதற்கப்புறம் அவள் எடுத்ததே இல்லை.

பதினாறு பதினேழு வருடம் இப்படியே போனது. அத்தைக்கு எழுபது நெருங்கியபோது, முட்டி சாயங்காலமானால் வீங்க ஆரம்பித்தது. உட்கார்ந்து எழுந்ததும் முதல் சில அடிகள் குத்தின. யாரிடமும் சொல்லவில்லை. மாமாதான் கண்டுபிடித்தார். அச்சில் ஒரு புள்ளி குறைந்தாலும் கண்ணில் படுகிற மனிதர் அவர். மாடி ஏறும்போது ஒவ்வொரு படிக்கும் அவள் இடது காலையே முதலில் வைக்கிறாள் என்று கவனித்தார். பிறகு ஒருநாள் கடையில் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தபோது முட்டி திடீரென்று நொடித்துவிட்டது. கப்பிக் கயிற்றில் தொங்கிக்கொண்டு நின்றாள். விழவில்லை. ஆனால் பயந்துவிட்டாள். எனக்கு அவளே போன் செய்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய டாக்டர் ஓய்வு பெற்றிருந்தார். அவர் இடத்தில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். படத்தை விளக்குத் திரையில் மாட்டிவிட்டு நெடுநேரம் பார்த்தார்.

"கடைசியா எப்ப வந்தீங்க?"

அத்தை என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

"நடுவுல இருக்கிற பிளாஸ்டிக் தட்டு தேஞ்சிருக்கு. தேஞ்ச தூள் உள்ள பரவி, உலோகத்தைச் சுத்தி இருக்கிற எலும்பைக் கரைச்சிருக்கு. அதனால உலோகமே ஆட ஆரம்பிச்சிருக்கு. ஒழுங்கா வந்திருந்தா முன்னாடியே தெரிஞ்சிருக்கும். அப்ப அந்தத் தட்டை மட்டும் மாத்துற அளவுல முடிஞ்சிருக்கலாம்."

"என் தப்புதான்" என்றாள் அத்தை. சாக்கு எதுவும் சொல்லவில்லை. "இப்ப என்ன செய்யணும்?"

டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, தொடை எலும்புக்குள்ளும் கால் எலும்புக்குள்ளும் நீளமாக இறங்குகிற வேறொன்றைப் பொருத்த வேண்டும். முதல் தடவையைவிடப் பெரிய வேலை. சீழ் பிடிக்கும் ஆபத்து அதிகம். தேறுவதற்கும் அதிக காலம் ஆகும். முதல் தடவை கிடைத்த பலனை இதில் எதிர்பார்க்கக் கூடாது. வேண்டாமென்றால் முட்டிக்குப் பட்டை போட்டு, கோல் ஊன்றி, வீட்டோடு இருக்கலாம். ஆனால் எலும்பு கரைவது நிற்காது.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் எல்லோரும் கூடினோம். அப்பாதான் ஆரம்பித்தார்.

"அக்கா, என்னைப் பாரு. ஒரு தடவை வெட்டுனதுக்கே நான் இந்த நாற்காலியில கிடக்குறேன். நீ ரெண்டாவது தடவை போறேங்குற."

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்டா. உனக்கு நடந்தது எனக்கும் நடக்கலாம். ஆபரேஷன் பண்ணா நடந்தாலும் நடப்பேன். பண்ணலைன்னா ஒண்ணும் நடக்காது, நானும் நடக்க மாட்டேன்."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினார். மாமா சிரிக்கவில்லை. எல்லாப் பேச்சும் அடங்கிய பிறகு மெல்லச் சொன்னார்.

"போன தடவை அந்தக் கதவுக்கு வெளிய உக்காந்திருந்தேன். உள்ள என்ன நடக்குதுன்னு தெரியாம. இந்த வயசுல உன்னை மறுபடி உள்ள அனுப்பிட்டு அங்க உக்கார என்னால முடியாது. எனக்கு நீ நடக்கணும்னு இல்ல. இருந்தாப் போதும்."

இத்தனை வருடத்தில் மாமா இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. அத்தை டம்ளரை மேஜைமேல் இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டிருந்தாள்.

"எனக்கு அது போதாதுங்க" என்றாள் கடைசியில். "சும்மா இருக்கிறதுக்கு நான் பழகல. நீங்க வெளிய உக்கார வேண்டாம். அன்னிக்குக் கடையத் திறந்து வைங்க. வர்றவங்களுக்குக் காத்தடிச்சுக் கொடுங்க. ஆபரேஷன் முடிஞ்சதும் இவ போன் பண்ணுவா."

அப்படியே நடந்தது. அறுவை சிகிச்சை அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நானும் அம்மாவும் உட்கார்ந்திருந்தோம். மாமா வெள்ளைச் சட்டையோடு போய்க் கடையின் கதவைத் தூக்கினார். அவருக்குக் காற்றடிப்பதைத் தவிர வேறு எதுவும் தெரியாது. பஞ்சர் ஒட்ட வந்தவர்களை நாளைக்கு வரச் சொல்லிவிட்டு, காற்று வேண்டியவர்கள், வேண்டாதவர்கள் எல்லோருடைய டயரையும் கல்லுபோல் அடித்து அனுப்பினார் என்று மருந்துக் கடை அம்மா பிற்பாடு சொன்னார். நான் போன் செய்தபோது பம்ப்பின் சத்தம் நின்றது. நல்லபடியாக முடிந்தது என்று சொன்னேன். பிறகு, "சரி" என்றார். மறுபடி பம்ப்பின் சத்தம்.

இந்த முறை எல்லாம் மெதுவாகத்தான் நடந்தது. காயத்தில் ஒரு ஓரம் ஆறாமல் நீர் கசிந்தது. ஆஸ்பத்திரியில் கூடுதலாகப் படுத்து, ஊசி மருந்து ஏற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த நாட்களில் அத்தை சோர்ந்துபோய்ச் சுவரைப் பார்த்துக் கிடந்ததை நான் மறைக்க விரும்பவில்லை. "செத்தாலும் பரவாயில்லன்னு தோணுது" என்று ஒருமுறை சொன்னாள். அடுத்த நிமிடமே, "இத உங்க அப்பன்கிட்ட சொல்லாத, அவன் ஜெயிச்சதா நினைச்சுக்குவான்" என்றாள். கசிவு நின்றது. தேறினாள்.

பிடுங்கி எடுக்கிற வலி போய்விட்டது. முட்டி இப்போது ஆடுவதில்லை. ஆனால் நாற்காலியில் உட்காருகிற அளவுக்குத்தான் மடங்குகிறது, அதற்கு மேல் ஒரு துளி கூட இல்லை. குளிர்காலத்தில் தொடை எலும்பு உள்ளிருந்து நச்சரிக்கும். வெளியே போனால் கைத்தடி வேண்டும். மூன்றாம் மாடியை விட்டுவிட்டு இருவரும் கீழ்த்தளத்தில் ஒரு வீட்டுக்கு மாறினார்கள். கடையில் பாதி நேரம் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்துகொள்கிறாள். கயிற்றை இழுக்கிற வேலை இப்போது மாமாவுடையது. அச்சகத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார்.

படம் எடுக்க இப்போது வருடந்தோறும் தவறாமல் போகிறாள். போன வருடம் நான் கூடப் போனேன். இளம் டாக்டர் ஒருவர் வரிசையாகக் கேள்வி கேட்டுக் குறித்துக்கொண்டார். மண்டியிட்டு எழ முடிகிறதா, ராத்திரி வலியால் தூக்கம் கெடுகிறதா என்று கேட்டுக்கொண்டே வந்தவர், "நீங்களே தனியா கடைக்குப் போய்ட்டு வர முடியுதா?" என்றார்.

"எந்தக் கடைக்கு?"

"ஏதாவது கடைக்கு. சாமான் வாங்க."

"என் கடைக்குத்தான் தினமும் போறேன். மத்தவங்கதான் வந்து வாங்குவாங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இந்த வயசுல ஓய்வா இருக்கலாமேம்மா."

"இருக்கலாம். அதுக்கு ரெண்டு தடவை முட்டிய மாத்தியிருக்க வேண்டியதில்லையே" என்றாள். டாக்டர் பேனாவின் முனையால் நெற்றியைச் சொறிந்துகொண்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது, மறுபடி சைக்கிள் ஓட்டுவது. சாதாரண சைக்கிளில் பெடல் முழுச் சுற்று வர முட்டி மறுத்துவிட்டது. எவ்வளவு குட்டையான கிராங்க் போட்டாலும் வரவில்லை. விழுந்தால் தொடை எலும்பு உடையலாம், உடைந்தால் சரிசெய்வது மகா கஷ்டம் என்று பெண் டாக்டரும் எச்சரித்திருந்தார். இந்த ஒரு விஷயத்தில் அத்தை டாக்டர் சொன்னதைக் கேட்டாள். கேட்ட விதம் அவளுடையது. வெல்டரோடு உட்கார்ந்து ஒரு மூன்று சக்கர சைக்கிள் செய்தாள். இருக்கை சாய்வு நாற்காலிபோல் பின்னால் தள்ளி இருக்கும். வலது பக்கப் பெடல் காலை வைக்க மட்டும்தான், அது சுற்றாது. இடது கால் மிதிக்கும், வலது கால் சும்மா பயணம் செய்யும். பின்னால் இரண்டு சக்கரத்துக்கு நடுவே அகலமான ஒரு பலகை. "விழுறதுக்கு இதுல இடமே இல்ல" என்று டாக்டரிடமே போட்டோவைக் காட்டினாள். டாக்டர் வெகுநேரம் பார்த்துவிட்டு, பிரேக் நன்றாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

அப்பாவின் வலியை வேறொரு டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று ஒரு வருடமாக அவரைத் தொல்லை செய்துகொண்டிருந்தாள். காரணம் கிடைக்காமலும் போகலாம், ஆனால் யாரும் தேடாமல் விடக் கூடாது என்பது அவள் கட்சி. "எனக்கு எந்த டாக்டரும் வேண்டாம். எல்லாரும் படம் நல்லா இருக்குன்னு சொல்லி அனுப்பத்தான் போறாங்க" என்று அவர் மறுத்துக்கொண்டே இருந்தார். போன வாரம் காலையில் அத்தை மூன்று சக்கர சைக்கிளை எங்கள் வாசலில் நிறுத்தி மணியை விடாமல் அடித்தாள். தெருவே எட்டிப் பார்த்ததும், மானம் போகிறதே என்று அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். பின்பலகையில் ஒரு மெத்தை போட்டிருந்தாள். நானும் அம்மாவும் கைகொடுத்து அவரை ஏற்றி உட்கார வைத்தோம்.

"கார் பிடிச்சுப் போகலாமேக்கா. இது என்ன கோலம்?"

"கார் வந்தா நீ வேண்டாம்னு திருப்பி அனுப்பிடுவ. இதைத் திருப்ப உனக்குத் தெரியாது."

தெருவின் சரிவில் வண்டி வேகம் எடுத்தது. நான் பக்கத்தில் கிட்டத்தட்ட ஓட வேண்டியிருந்தது. அப்பா இரண்டு கையாலும் பலகையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, மெதுவாப் போ. மெதுவா."

அத்தை திரும்பிப் பார்க்கவில்லை. பிரேக்கின் பக்கம் அவள் கை போகவும் இல்லை.

"இறங்கி நடக்குறியா?" என்றாள்.